பதினேழாம் வரிசையில் நிமிர்த்திய இருக்கை

சிங்கப்பூர் பாசிர் ரிஸ்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே ஒரு பெண் விமானப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். போன மாதம் லிஃப்ட்டில் என்னைப் பார்த்ததும் கைப்பேசியை நீட்டினாள். அதில் ஒரு வீடியோ. ஏதோ ஒரு விமானத்தில், முன் இருக்கையைச் சாய்த்ததற்காக இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"அங்கிள், உங்க டைம்ல இப்படியெல்லாம் நடக்குமா? இந்த மாதிரி வந்தா நீங்க எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?"

"எங்க காலத்துல எல்லாரும் ஒழுங்கா இருந்தாங்கம்மா" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு ஆறாவது மாடியில் இறங்கிக்கொண்டேன். அந்தப் பொய் அன்று முழுக்க என்னை உட்காரவிடவில்லை. அவளுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் கிடையாது. என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு காரியம். அதை ஒரு முறை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்ன விதம் சரியில்லையோ என்னவோ, சாமியார் வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "இருக்கையில் சாய்வது பாவமில்லை, மகனே" என்றார். இப்போது எழுதியாவது பார்க்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். விமான நிலையம் அப்போது பாய லேபாரில். ஆசிரியர் வேலைக்குப் போவேன் என்று நம்பியிருந்த அம்மா, நான் ஆகாயத்தில் காப்பி ஊற்றப் போகிறேன் என்றதும் இரண்டு நாள் பேசவில்லை. பயிற்சி சில வாரங்கள். தட்டை எந்தக் கையில் பிடிப்பது, தீப்பிடித்தால் எந்தக் கதவு, வாந்தி எடுப்பவரின் நெற்றியை எப்படித் தாங்குவது, இவ்வளவுதான். இருக்கையைப் பற்றி ஒரே பக்கம். மேலே ஏறும்போது நிமிர்ந்திருக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் நிமிர்ந்திருக்க வேண்டும், இறங்கும்போது நிமிர்ந்திருக்க வேண்டும். மற்ற நேரத்தில் பயணியின் விருப்பம்.

அந்த ஒரு பக்கத்துக்குள் அடங்காதது எவ்வளவோ. சிக்கன வகுப்பில் இருக்கையை முழுக்கச் சாய்த்தாலும் பின்னால் போவது ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்காக மனிதர்கள் படுத்திய பாடு இருக்கிறதே! லண்டன் பயணத்தில் ஒருவர் சடாரென்று சாய, பின்னால் இருந்த பாதிரியாரின் மடியில் சுடச்சுடக் காப்பி. பாதிரியார் ஆங்கிலத்தில் சொன்ன வார்த்தையை எந்த ஜெபப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. இன்னொருவர், முன் இருக்கை சாய்ந்துவிடக் கூடாதென்று இரண்டு முழங்கால்களையும் கொடுத்து ஐந்து மணி நேரம் முட்டுக்கொடுத்தார். இறங்கும்போது அவரால் நடக்க முடியவில்லை. நாங்கள்தான் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம்.

இந்தத் தகராறுகளைத் தீர்ப்பதில் எங்கள் தலைமைப் பணியாளர் என்சிக் ஹம்சாவை மிஞ்ச ஆளில்லை. கேலாங்கில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரர்; என்சிக் என்பது மலாயில் ஐயா மாதிரி. ஒல்லியான ஆள், மெல்லிய குரல், கத்தி மாதிரி மடிப்பு வைத்த கால்சட்டை. அந்த மடிப்பை அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேய்ப்பவர், தகராறு என்றால் மட்டும் தயங்காமல் நடைபாதையில் ஒரு முழங்காலை ஊன்றிவிடுவார். ஒரே ஒரு முறை தவிர, உட்கார்ந்திருக்கும் பயணியிடம் நின்றுகொண்டு பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அவருடைய முறை இது. புகார் சொன்னவரிடம், "இரண்டு நிமிடம் கொடுங்கள், சார்" என்பார். பிறகு முன் இருக்கைக்குப் போய் முழங்காலிடுவார். இருக்கையைப் பற்றிப் பேசவே மாட்டார். "நலமாக இருக்கிறீர்களா?" என்பார். பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். முதுகுவலி என்பார் ஒருவர், இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பார் இன்னொருவர். அதைக் கேட்டு முடித்த பிறகுதான் இருக்கை விஷயம். பாதிப் பேர் அதற்குள் தாங்களாகவே நிமிர்த்திவிடுவார்கள். மீதிப் பேர் ஏன் நிமிர்த்த முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

எங்களிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து அடிக்கடி சொல்வார். "சாயறது அவங்க உரிமை லா. நிமிர்றது அவங்க நமக்குச் செய்யற உதவி. உதவியைக் கேட்டுத்தான் வாங்கணும், பிடுங்கக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு, பயணியோட சீட் பொத்தானை நீ தொடாதே. அது அவங்க உடம்பைத் தொடற மாதிரி."

நான் அதை அட்சரம் பிசகாமல் செய்து வந்தேன். வெள்ளைக்காரரிடம், ஜப்பானியரிடம், ஆஸ்திரேலியப் பாட்டிகளிடம் எல்லாம் முழங்காலிட்டேன். நல்ல பெயரும் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸுக்குக் காலை விமானம். சிக்கன வகுப்பில் ஓர் இடம்கூடக் காலியில்லை. மெட்ராஸ் பயணம் என்றாலே என் சக பணியாளர்கள் முகம் சுளிப்பார்கள். மூட்டை அதிகம், சத்தம் அதிகம், எங்களைக் கூப்பிடும் மணியை விடாமல் அடிப்பார்கள் என்று பேச்சு. "உன் ஆளுங்க வர்றாங்க, நீயே பாத்துக்க" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், உள்ளுக்குள் எரியும். அதனால் மெட்ராஸ் பயணங்களில் நம்மவர்களிடம் நான் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு. நம்ம ஆட்களும் ஒழுங்கானவர்கள்தான் என்று காட்ட வேண்டும் அல்லவா? யாருக்குக் காட்ட வேண்டும் என்று அப்போது யோசித்ததில்லை.

பதினேழாம் வரிசையில், நடைபாதை ஓரத்தில், ஊதா நிறச் சேலையில் ஒரு பெண். முப்பது வயது இருக்காது. முகம் வெளிறியிருந்தது. முதல் தடவை பறக்கிற பயம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

"அக்கா மெட்ராஸா, சிங்கப்பூரா?"

"பொறந்தது காத்தோங், தம்பி. கட்டிக்குடுத்தது மெட்ராஸ்ல."

நம்ம ஊர்ப் பிள்ளை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

அவளுக்கு நேர் பின்னால், பதினெட்டாம் வரிசையில், சஃபாரி சூட் அணிந்த ஒருவர். தங்க ஃபிரேம் கண்ணாடி, மடியில் தோல் பை. வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஆங்கிலம். ஒவ்வொரு முறையும் "ப்ளீஸ்", ஒவ்வொரு முறையும் "தேங்க் யூ". இப்படிப்பட்டவர்கள் பத்துப் பேர் வந்தால் என் சக பணியாளர்களின் வாய் அடங்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

விமானம் மேலே ஏறி நேரானதும் அந்த அக்கா இருக்கையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். சஃபாரி சூட்காரர் விரலை உயர்த்தினார். முன்னால் இருக்கும் பெண் சாய்ந்திருப்பதால் தம்மால் சாப்பிட முடியாது என்றார். நியாயம்தான், விதியும் அதுதான்.

"அக்கா, சாப்பாடு வருது. சீட்டை நிமித்துங்க."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சரி தம்பி" என்று மெதுவாக நிமிர்த்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டதைக் கவனித்தேன். கோபம் என்று நினைத்தேன். தட்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தாள்.

தட்டுகளை எடுத்து முடித்ததும் மறுபடி சாய்த்தாள். உடனே பின்னால் மணி அடித்தது. அவர் எழுத வேண்டியிருக்கிறதாம், இடைஞ்சலாக இருக்கிறதாம். சாப்பாடு முடிந்த பிறகு சாய்வது அவளுடைய உரிமை. இங்கேதான் நான் முழங்காலிட்டிருக்க வேண்டும். இதுவே ஒரு வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் இட்டிருப்பேன், நலமா என்று கேட்டிருப்பேன், பதிலுக்குக் காத்திருந்திருப்பேன். ஆனால் இவளை அக்கா என்று கூப்பிட்டாகிவிட்டது. சொந்தம் கொண்டாடியாகிவிட்டது. சொந்தத்தில் என்ன பெரிய மரியாதை? நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, பின்னாடி சார் ஏதோ எழுதணும்கறாரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்களேன்."

அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி தம்பி" என்றாள். நிமிர்த்தினாள்.

மூன்றாவது முறையாக அவர் கூப்பிட்டபோது அவள் சாய்த்திருந்தது இரண்டு விரற்கடைகூட இருக்காது. கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் வியர்வை. சஃபாரி சூட்காரர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். "சிலருக்குச் சொன்னால் புரியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். வெட்கத்தைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். பக்கத்தில் சக பணியாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போனது போல் இருந்தது.

"என்னக்கா, எத்தனை தடவை சொல்றது?" என்றேன். அவள் கண்ணைத் திறக்கும் முன்பே ஒரு கையால் அவளுடைய பொத்தானை அழுத்தினேன். இன்னொரு கையை இருக்கையின் முதுகில் வைத்து முன்னால் தள்ளினேன்.

இருக்கை சட்டென்று நிமிர்ந்தது. அவளுடைய உடம்பு வயிற்றைச் சுற்றியிருந்த இருக்கைப் பட்டைமேல் மடங்கியது. "அம்மா" என்றாள். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் கேட்டுவிடக் கூடாது என்பது போல அடக்கி, அவ்வளவு சின்னதாக. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சாதாரணமாக முதுகு வலிப்பவர்கள் போடும் சத்தம் அது இல்லை. கையை எடுத்தேன்.

முன்னால் திரை ஓரத்தில் நின்றிருந்த என்சிக் ஹம்சா பார்த்துவிட்டார்.  வந்தார், முழங்காலை ஊன்றினார், ஆங்கிலத்தில் கேட்டார், நலமாக இருக்கிறீர்களா என்று. அவள் அவருடைய சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு மலாயில் பேச ஆரம்பித்தாள். காத்தோங்கில் வளர்ந்தவர்களுக்கு மலாய் சந்தையிலேயே வந்துவிடும். மெட்ராஸ்காரர்களுக்குப் புரியாது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன், எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

"சாக்கிட், என்சிக்" என்றாள். வலிக்கிறதாம். வயிற்றைக் கிழித்துப் பதினெட்டு நாள் ஆகிறது. பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தை தங்கவில்லை. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். தையல் போட்ட இடத்தில் பட்டை அழுத்துகிறது, சாய்ந்தால் மட்டும் கொஞ்சம் தாங்க முடிகிறது.

"தனியாகவா போகிறீர்கள்?" என்றார் ஹம்சா.

"இல்லை. சுவாமி சாயா ஆடா." மலாயில் சுவாமி என்றால் கணவர்; கணவர் கூட இருக்கிறார் என்கிறாள். "பின்னால் இருக்கிறார். என்னைக் கூட்டிப்போக வந்தார். நான் முன்பே எடுத்த டிக்கெட், அவர் இப்போது எடுத்தது. பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் என்றால் எத்தனையோ வரிசை இருக்கிறதே என்று மனம் தப்பிக்கப் பார்த்தது. அவள் கையை மடியில் வைத்தபடியே, கட்டைவிரலை மட்டும் தன் முதுகுப் பக்கமாக, நேர் பின்னால் காட்டினாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பதினெட்டாம் வரிசையில் அந்த ஆள் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று முறையும் "முன்னால் இருக்கும் பெண்மணி" என்றார். என் மனைவி என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அவளும் அவர் என் புருஷன் என்று சொல்லவில்லை. அந்த ஆளுக்கு அவளுடைய வயிற்றில் தையல் இருப்பது தெரியும். விமானத்தில் இருந்த எல்லாரிலும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இங்கே வந்ததிலிருந்து என்னிடம் பேசவில்லை" என்று அவள் மலாயில் சொன்னாள், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல. பேசாத மனிதர் அன்று என் வாயால் பேசியிருக்கிறார். தொடாத மனிதர் என் கையால் தள்ளியிருக்கிறார். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு, சீருடை போட்டுக்கொண்டு, அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஹம்சா எழுந்து என்னைப் பின்னால் சமையல் மூலைக்கு அழைத்துப் போனார்.

"நலமான்னு கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"எங்க ஆளு. அக்கான்னு கூப்பிட்டேன். அதனால..."

"சொந்த அக்கான்னா கேட்கமாட்டியா லா?" என்றார். அவ்வளவுதான் திட்டு. அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை.

முதல் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. தகுந்த காரணம் இல்லாமல் யாரையும் அங்கே மாற்றக் கூடாது. ஹம்சா விமானி அறைக்குப் போய் அனுமதி வாங்கி வந்தார். அவளிடம் சொன்னார். அவள் பயந்துபோனாள்.

"வேண்டாம், என்சிக். அவர் இங்கே இருக்கும்போது நான் அங்கே போய் உட்கார்ந்தால், வீட்டில் போய்ப் பேச்சு வரும்."

 ஹம்சா எழுந்து ஒரு வரிசை பின்னால் நகர்ந்தார். அங்கே மட்டும் முழங்காலிடவில்லை. நின்றபடியே, மிக மரியாதையாக, முதல் வகுப்பில் ஓர் இருக்கை இருக்கிறது, சார் வர விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

 அந்த ஆள் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு எதற்கு, முன்னால் இருப்பவள் என் மனைவி, அவளுக்கு உடம்பு சரியில்லை, அவளை உட்கார வையுங்கள், இப்படி ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வரவில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகினார், தோல் பையை எடுத்தார், அவளைத் தாண்டி நடந்தார். அவருடைய பை அவளுடைய தோளில் உரசியது. திரும்பிப் பார்க்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் போய் அகலமான இருக்கையில் உட்கார்ந்து, நன்றாக, முழுக்க, பின்னால் சாய்ந்தார்.

"அந்த ஆளுக்கா என்சிக் முதல் வகுப்பு?" என்று கேட்டேன்.

"சொத்தைப் பல்லைப் பிடுங்கணும். பிடுங்கின பல்லை எந்த டப்பாவுல போட்டா என்ன லா?" என்றார் ஹம்சா. ஆனால் அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு அவரே ஒரு தலையணையை மடித்து வந்து, பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும்படி அவளிடம் கொடுத்தார். அவள் இருக்கையை முழுக்கச் சாய்த்துக்கொண்டாள். பின்னால் மணி அடிக்க ஆள் இல்லை. அடுத்த ஒன்றரை மணி நேரம் அவள் தூங்கினாள். நான் அந்தப் பக்கமாக வண்டியைத் தள்ளும்போதெல்லாம் சக்கரச் சத்தம் கேட்காமல் மெல்லத் தள்ளினேன். செய்த காரியத்துக்கு அதுவா பரிகாரம்?

மெட்ராஸில் இறங்கும் நேரம் வந்தது. எல்லா இருக்கையும் நிமிர்ந்தாக வேண்டும். இதற்கு விதிவிலக்கு கிடையாது. "நீயே போ" என்றார் ஹம்சா. நான் போனேன். பதினேழாம் வரிசையில் முழங்காலை ஊன்றினேன். அவள் விழித்திருந்தாள்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, காது அடைத்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பையன், தம்பி" என்றாள். "தலை நெறைய முடி இருந்துச்சாம். எனக்குக் காட்டல."

 "மன்னிச்சிருங்கக்கா, தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு தானே பொத்தானை அழுத்தி, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இருக்கையை நிமிர்த்தினாள். நான் அதைத் தொடவில்லை.

கதவு திறந்ததும் பயணிகளை வழியனுப்பி நிற்பது என் முறை. முதல் வகுப்பு முதலில் இறங்கியது. சஃபாரி சூட்காரர் என் முன்னால் நின்று கை கொடுத்தார். கொடுத்த கையை மறுக்க எங்களுக்கு உரிமை கிடையாது.

"நல்ல சேவை" என்றார் ஆங்கிலத்தில். "முன்னால் இருந்த அந்தப் பெண்மணி, அதற்குப் பிறகு உங்களுக்கு ஏதாவது தொந்தரவு கொடுத்தாளா?"

கண்ணில் சின்னக் கூச்சம்கூட இல்லை. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.  "தேங்க் யூ, சார்" என்றுதான் சொன்னேன். அவர் படியிறங்கி, யாருக்கும் காத்திராமல் நடந்து போனார்.

சிக்கன வகுப்பில் அவள்தான் கடைசிக்கு முன்னால் வந்தாள். ஒரு கை வயிற்றில், மறு கை ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் பிடித்துப் பிடித்து. சக்கர நாற்காலி வரச் சொல்லவா என்றேன், வேண்டாம் என்றாள். எங்கள் வேலையில் கதவருகே சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. பழக்கத்தில் அது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"திரும்ப வாங்கக்கா."

அவள் படியில் கால் வைக்கப் போனவள் நின்றாள்.

"பிரசவத்துக்குன்னுதான் தம்பி அம்மா வீட்டுக்கு அனுப்புனாங்க" என்றாள். "இனிமே என்னன்னு சொல்லி வர்றது?"

 கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் பயணியாக ஒரு பெரியவர் பையோடு என் முன்னால் வந்து, நான் ஏதாவது சொல்வேன் என்று முகத்தைப் பார்த்தார். மீண்டும் வாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.